துணிக் கூரை வண்டி

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கல. நீங்க போன்ல அந்த ஒரு வண்டியவே பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டு வர்றீங்க, பக்கத்துல உக்காந்திருக்கிற எனக்குக் கண்ணுல பட்டுருச்சு. கூரை திறக்குற வண்டிதானே அது? ரெண்டு சீட்டு. வாங்கப் போறீங்களா, இல்ல சும்மா பாக்குறீங்களா? சும்மா பாக்குறதுலயும் தப்பில்ல.

எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சு. கருநீலம். வெள்ளைத் தோல் சீட்டு. நானே ஓட்டிட்டு வந்து ராமேஸ்வரத்துக்கிட்ட மண்டபத்துல விட்டுட்டு, இப்ப பஸ்ஸுல மதுரைக்குப் போய்க்கிட்டு இருக்கேன்.

வாங்குறதா இருந்தா முதல்ல இதைத் தெரிஞ்சுக்குங்க. துணிக் கூரை ஈரமா இருக்கும்போது மடக்கவே கூடாது. மடக்கினா உள்ளுக்குள்ளயே புழுங்கிப் பூஞ்சை பிடிச்சிரும். அப்புறம் என்ன செண்ட் அடிச்சாலும் அந்த வாடை போகாது. நிழல்ல நல்லாக் காயவிட்டு, கையால தடவிப் பாத்து, அப்புறம்தான் மடக்கணும். சர்வீஸ்காரன்கிட்ட விட்டா தண்ணிய பிரஷர்ல பீய்ச்சி அடிப்பான். விடாதீங்க. தையல் பிரிஞ்சிரும். வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் ஷாம்பு, மெதுவான பிரஷ், அதுவும் ஒரே பக்கமாத் தேய்க்கணும். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுற மாதிரி.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, நான் இன்சூரன்ஸ்ல மோட்டார் சர்வேயரா இருந்தவன். அடிபட்ட வண்டியப் போய்ப் பாத்து, என்ன சேதம், எதனால சேதம்னு எழுதுற வேலை. வேலையில இருந்த காலம் பூராம் முழுசா இருக்கிற வண்டிய நான் பாத்ததே கிடையாது. நம்மகிட்ட வர்றதெல்லாம் நொறுங்குனதுதான். அதனால ஒரு நல்ல வண்டியப் பாத்தா, இது எங்க நொறுங்கும்னுதான் என் கண்ணு முதல்ல போகும்.

ஆனா வண்டி என்னோடது இல்ல. என் சம்சாரத்தோடது. மங்கையர்க்கரசின்னு பேரு. அரசின்னு கூப்பிடுவேன். டாக்டர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்குற டாக்டர். மேலூரு, உசிலம்பட்டி, திருமங்கலம்னு சுத்திச் சுத்தி வேலை. சாப்பாட்டுத் தட்டுல கைய வச்சிருப்பா, போன் வரும், எந்திரிச்சுப் போயிருவா. ஒரே மக எங்களுக்கு, வினோதினி. அவ புனேயில வேலைக்குப் போன வருஷம், அரசி விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டா. குடுத்துட்டு வந்து, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொல்றா.

"என்னங்க, நான் ஒரு வண்டி வாங்கப் போறேன். கூரை திறக்குற வண்டி."

"எதுக்கு?"

"இத்தனை வருஷம் ஜன்னல் இல்லாத ரூமுல நின்னுட்டேன். எனக்குத் தலைக்கு மேல வானம் வேணும்."

அவ பணம், அவ ஆசை. கொச்சியில ஒருத்தர் வச்சிருந்ததைப் போய்ப் பாத்தோம். நான்தான் கீழ படுத்துப் பாத்தேன். துரு இல்ல, அடி இல்ல. வாங்குனோம்.

முதல் ஞாயித்துக்கிழமை அழகர்கோயில் ரோட்டுல கூரையத் திறந்துட்டு ஓட்டுனா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். தலையில மல்லிகைப்பூ வச்சிருந்தா. ஏதோ பாடிக்கிட்டே ஓட்டுனா, காத்துல என்ன பாட்டுன்னு எனக்குக் கேக்கல. ஸ்கூல் பசங்க சைக்கிள நிறுத்திட்டுக் கை காட்டுச்சுக. அவளும் காட்டுனா. வீட்டுக்கு வந்து பாத்தா, பூவு உதிர்ந்து சீட்டு இடுக்குல போய் நசுங்கி, வெள்ளைத் தோலுல பழுப்பா ஒரு கறை. அன்னைக்கே சொல்லிட்டேன், இந்த வண்டியில ஏறும்போது பூ வேண்டாம், தலைக்கு எண்ணெயும் வேண்டாம்னு. சரின்னா. எது சொன்னாலும் சரின்னு கேட்டுக்குவா, அது அவகிட்ட ஒரு நல்ல குணம்.

தோல் சீட்டுக்கு மாசம் ஒருக்கா கிரீம் போடணும் தம்பி. வெயில்ல திறந்து வச்சீங்கன்னா வறண்டு வெடிச்சிரும். கதவோரம், கண்ணாடியோரம் ரப்பர் இருக்கும் பாருங்க, அதுக்கு சிலிக்கான் கிரீஸ் லேசா தடவணும், இல்லைன்னா இறுகிப் போய்த் தண்ணி உள்ள வரும். கூரை மடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் தண்ணி வடியுறதுக்குச் சின்ன ஓட்டை இருக்கும். வாங்குறவன் பாதிப் பேருக்கு அது இருக்கிறதே தெரியாது. எங்க வீட்டு வாசல்ல வேப்பமரம். பூவும் இலையும் விழுந்து அது அடைச்சுக்கிரும். அடைச்சா தண்ணி சீட்டுக்கு அடியில போய்த் தேங்கும். நான் வயரு போட்டுக் குத்தாம மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் குழாய விட்டு எடுப்பேன்.

எலி இன்னொண்ணு. வயரைக் கடிச்சிரும். அதுக்குப் புகையிலைய துணியில முடிஞ்சு போடணும். மூடி வைக்கிற கவர் தார்ப்பாயா இருக்கக் கூடாது, காத்துப் போற துணியா இருக்கணும். நான் ரெண்டு கவர் வச்சிருந்தேன், ஒண்ணு துவைக்கப் போட்டா ஒண்ணு.

அரசி அப்பப்பக் கேப்பா. காபியக் கையில வச்சுக்கிட்டு வந்து நிப்பா.

"இன்னைக்குப் போவோமா?"

நான் வானத்தைப் பாப்பேன். சித்திரை வைகாசியில போக முடியாது, தோல் வெடிச்சிரும். ஆடியில காத்து, புழுதி. ஐப்பசி கார்த்திகையில மழை, சொல்லவே வேண்டாம். மார்கழியில பனி, துணி ஈரமாகும். சாயந்தரம் போனா பூச்சி வந்து கண்ணாடியில அப்பும். மாசி மாசம் சில நாள் தோதா வரும். அப்பன்னு பாத்து பைபாஸ்ல ரோடு போட்டுக்கிட்டு இருப்பான், ஜல்லி தெறிக்கும்.

"கூரைய மூடிக்கிட்டுப் போவோம்"னு சொல்லுவேன்.

"மூடிக்கிட்டுப் போறதுக்கு நம்ம பழைய காரே இருக்கே"ன்னுட்டு உள்ள போயிருவா.

வண்டி ஓடாம நின்னா பேட்டரி இறங்கிரும், டயரும் ஒரே பக்கம் தட்டையாயிரும். அதனால வாரம் ஒருக்கா போர்டிகோவுலயே ஸ்டார்ட் பண்ணி ஓட விடுவேன். முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் நகத்துவேன். அரசி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. கொஞ்ச நாள்ல கேக்குறதையும் விட்டுட்டா. அவளுக்கும் புரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். புரியிற அளவுக்குப் படிச்சவதானே.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். நான் திண்டுக்கல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அரசி தலைவலின்னு வரல. சாயந்தரம் வந்து வாசல் கேட்டைத் திறக்குறேன், போர்டிகோவுல கவர் மட்டும் மடிச்சுக் கிடக்கு. வண்டி இல்ல. போன் பண்ணினா எடுக்கல. வாசல்லயே நின்னேன். தூத்தலும் விழுக ஆரம்பிச்சிருச்சு. எனக்கு என்ன ஓடுதுன்னா, கூரையத் திறந்து வச்சிருப்பாளோ, மூடியிருப்பாளோன்னு அதுதான் ஓடுது.

இருட்டுறதுக்கு முன்னாடி வந்துட்டா. திறந்தபடியே வந்தா. முடியெல்லாம் நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு. சேலையில ரத்தம். எங்கயோ மோதிட்டான்னு ஓடிப் போய் முன்பக்கம் பாத்தேன், பம்பர் பாத்தேன், ஒண்ணும் இல்ல.

"எனக்கு ஒண்ணும் இல்லங்க, இது வேற ரத்தம்"னா.

தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்கா. தனியா. ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல ரோடு, தலைக்கு மேல வானம்னு சொன்னா. திரும்பி வர்ற வழியில, மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ பஞ்சராகி நின்னிருக்கு. உள்ள ஒரு மீனவப் பொண்ணு, பிரசவ வலியில. அவ மாமியார் ரோட்டுல நின்னு கையக் கையக் காட்டுது. இவ நிறுத்திட்டா. அந்தப் பொண்ணைத் தூக்கித் தன் பக்கத்து சீட்டுல சாய்ச்சு உக்கார வச்சு, மாமியார ஆட்டோக்காரரோட பின்னாடி வரச் சொல்லிட்டு, மண்டபத்துல இருக்கிற சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கா. அங்க இருந்த டாக்டர் லீவு. நர்சுங்க மட்டும்தான். இவளே உள்ள போய்ட்டா.

இதையெல்லாம் அவ போர்டிகோவுல நின்னு சொல்லிக்கிட்டே இருக்கா. மூச்சு விடாம சொல்றா. நான் அந்தப் பக்கத்துக் கதவத் திறந்து பாக்குறேன். சீட்டு பூராம் நனைஞ்சு ஊறிப் போய்க் கிடக்கு.

"இது என்ன?"ன்னேன்.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சு, பாம்பன் பாலத்துக்கிட்ட வரும்போதே."

"அடியில ஒரு துண்டாவது போட்டிருக்கலாம்ல?"

அவ பேச்ச நிறுத்திட்டா. அப்புறம் குளிக்கப் போயிட்டா.

நான் உடனே வேலைய ஆரம்பிச்சிட்டேன். அந்த மாதிரி கறைக்குத் தாமதிக்கக் கூடாது தம்பி. தேய்க்கவும் கூடாது, ஒத்தி ஒத்தி எடுக்கணும். பச்சைத் தண்ணிதான், சுடுதண்ணி பட்டா ரத்தக்கறை பிடிச்சுக்கிரும். கூரை மடங்குற இடத்துல கைய விட்டா மணலு. நறநறன்னு. ரப்பருக்கு அடியில மணலு, அந்த ஓட்டையில மணலு. உப்புத் தண்ணி வேற காத்துல வந்து எல்லாத்துலயும் படிஞ்சிருக்கு. நக்கிப் பாத்தேன், உப்புக் கரிச்சுது. கீழ படுத்து அடிப்பக்கம் பூராம் நல்ல தண்ணியில கழுவுனேன். கொஞ்ச நாள் அதே வேலைதான் எனக்கு. கறையும் போயிருச்சு. இப்ப நீங்க பாத்தா எந்த சீட்டுன்னே சொல்ல முடியாது.

என்ன கேட்டீங்க? குழந்தையா? பையனா பொண்ணான்னா... தெரியல தம்பி. நல்லபடியாத்தான் பிறந்திருக்கும். இல்லைன்னா சொல்லியிருப்பாள்ல.

அதுக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியிலருந்து போன் வர ஆரம்பிச்சுச்சு. அங்க இருந்த டாக்டர் திரும்ப வரலையாம். அரசி வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸுல போய்ட்டு வந்தா. அப்புறம் ரெண்டு மூணு நாள் தங்க ஆரம்பிச்சா. ஒரு நாள் காலைல பெட்டி கட்டி வச்சிருக்கா. நான் பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிக்கிட்டு இருந்தேன்.

"என்னங்க, அங்க குவார்ட்டர்ஸ் குடுக்குறாங்க. சின்ன வீடுதான். பின்வாசலத் திறந்தா கடலு."

"கடலா?"ன்னேன். "அங்க இந்த வண்டிய நிறுத்தவே முடியாதே அரசி. உப்புக் காத்து. ஒரே வருஷத்துல அரிச்சிரும்."

"நான் வண்டியக் கேக்கலைங்க. நீங்க வர்றீங்களான்னு கேக்குறேன்."

"நானும் வந்துட்டா இங்க வண்டிய யாரு பாத்துக்கிறது?"

அவ சிரிச்சா. கோவிச்சுக்கல, சிரிக்கத்தான் செஞ்சா. பெட்டிய எடுத்துக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டா. நியாயமாத்தான தம்பி கேட்டேன்? வண்டி அவ பேருல இருக்கு. அவ பொருளத்தான் நான் பாத்துக்கிட்டேன். என் பொருளையா பாத்தேன்? வினோதினி போன்ல, "அப்பா, ஏன்ப்பா இப்படி"ங்குறா. எப்படின்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா.

சண்டையெல்லாம் இல்ல எங்களுக்குள்ள. யாராவது கேட்டா அரசி மண்டபத்துல வேலை பாக்குறான்னு சொல்லுவேன். அவளும் அப்படித்தான் சொல்லுவாளா இருக்கும். முதல்ல தினம் போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களாம்பா. சாப்பிட்டேன், இன்னைக்கு டயருக்குக் காத்துப் பிடிச்சேன்பேன். அப்படியாம்பா. ஒரு நாளு அங்க இரட்டைக் குழந்தை பிறந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா, அப்பன்னு பாத்து இங்க வேப்பமரத்துலருந்து ஒரு குச்சி கவர் மேல விழுந்துச்சு, இருன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா போன வச்சிட்டா. அப்புறம் வாரம் ஒருக்கா பண்ணுவா. அப்புறம் பண்டிகைன்னா பண்ணுவா. வீட்டுல எனக்கு ஒண்ணும் குறையில்ல. காலைல கவர எடுத்து உதறுவேன், துடைப்பேன், மூடுவேன். பொழுது போயிரும். சமையலுக்கு ஒரு அம்மா வருது. ருசியெல்லாம் பெருசாத் தெரியுறதில்ல இப்ப, வயசாயிருச்சுல்ல.

போன வாரம் அரசி கூப்பிட்டா.

"என்னங்க, அந்த வண்டி எனக்கு வேணும்."

"உப்புக் காத்து"ன்னேன்.

"தெரியும். அரிச்சா அரிச்சிட்டுப் போகுது. எனக்கு வேணும். ஆள் அனுப்பவா?"

ஆள் கையில எப்படிக் குடுக்குறது? நானே கொண்டாறேன்னு சொல்லிட்டேன். பாலிஷ் போட்டேன். சீட்டுக்குக் கிரீம் போட்டேன். ஆயில் மாத்துனேன். இன்னைக்கு விடியவும் கிளம்பிட்டேன். கூரையத் திறக்கல, மூடியே ஓட்டுனேன். வேகத்தடை வந்தா நேரா ஏறக் கூடாது தம்பி, வண்டி தரையோட தரையா இருக்கும், கோணலா ஒவ்வொரு சக்கரமா ஏத்தி இறக்கணும். மானாமதுரை, பரமக்குடி, ராம்நாடு. டீ குடிக்கக் கூட நிறுத்தல. நிறுத்துனா கூட்டம் கூடித் தொடுவாங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல அரசி வந்து நின்னா. முடிய ஒட்ட வெட்டியிருக்கா. வெள்ளையா இருந்துச்சு, தலைக்கு மையடிக்கிறதெல்லாம் விட்டுட்டா போல. வெயில்ல கறுத்திருந்தா. கால்ல ரப்பர் செருப்பு. பாத்தவுடனே எனக்கு யாரோ மாதிரி இருந்துச்சு.

"இளைச்சிட்டீங்களே"ன்னா.

"பெட்ரோல் பாதி டேங்க் இருக்கு"ன்னேன்.

நர்சுப் பிள்ளைக நாலஞ்சு பேரு வந்து சுத்தி நின்னாங்க. டாக்டரம்மா, திறங்க திறங்கன்னாங்க. அரசி உக்காந்து ஸ்விட்ச அமுக்குனா. கூரை கொஞ்சம் தூக்குச்சு, பாதியில நின்னுக்கிச்சு. மறுபடி அமுக்குனா, கிர்னு சத்தம் மட்டும் வருது. எனக்கு ஒண்ணும் புரியல. கிரீஸ் போடாத இடம் இல்ல, துடைக்காத இடம் இல்ல. அங்க ஜெனரேட்டர் பாக்குற மரியசூசைன்னு ஒருத்தரு வந்து எட்டிப் பாத்தாரு.

"திறந்தே ரொம்ப நாளாச்சோ?"ன்னாரு.

அவ போனதுலருந்து திறக்கலைன்னேன். இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நர்சுப் பிள்ளைகளும் பிடிச்சு மெதுவா அசைச்சு அசைச்சு விட்டாங்க. முறுக்கிக்கிட்டு மடங்கி உள்ள போயிருச்சு. ரெண்டு மூணு தடவை மூடித் திறந்து பாத்தாங்க, அப்புறம் தானா வேலை செஞ்சுச்சு. ஆனா பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடியில ஒரு மடிப்பு விழுந்துருச்சு. நான் பாத்தேன். வேற யாரும் பாக்கல. சொல்லலாமான்னு இருந்துச்சு. அவங்க எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க, விட்டுட்டேன்.

அந்த ஓட்டை இருக்கே தம்பி, தண்ணி வடியுற ஓட்டை, அதைத் திறந்து காமிச்சேன் அவளுக்கு. கிரீம் டப்பா, பிரஷ், ரெண்டு கவர் எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன். எல்லாத்துக்கும் சரிங்க, சரிங்கன்னு கேட்டுக்கிட்டா. கஞ்சியும் நெத்திலி வறுவலும் குடுத்தா. அவ வீட்டுப் பின்வாசல் திறந்தே இருந்துச்சு. கடல் தெரிஞ்சுச்சு. சும்மாதான் இருக்கு கடலு, அலையே இல்ல அங்க.

அப்புறம் பஸ் ஸ்டாப்புல கொண்டாந்து விடுறேன்னா. திறந்தபடியே ஓட்டுனா. நான் பக்கத்துல. ரொம்பத் தூரமில்ல. மேல அண்ணாந்து பாத்தா பருந்து ஒண்ணு சுத்துது.

"எப்படி இருக்கு?"ன்னா.

"காத்து அடிக்குது"ன்னேன்.

"அடிக்கத்தான் செய்யும்"னா.

ஸ்டாப்புல நிறுத்திட்டு, இறங்கப் போன என் கையப் பிடிச்சா. கை சொரசொரன்னு இருந்துச்சு.

"இருந்துட்டு நாளைக்குப் போங்களேன்."

"வீடு பூட்டிக் கிடக்கு"ன்னேன்.

"பூட்டித்தான இருக்கு. அங்க இனி என்ன இருக்குங்க பாத்துக்க?"

நானும் யோசிச்சேன் தம்பி. பதில் சொல்லணும்ல. ஒண்ணு ஒண்ணா நினைச்சுப் பாத்தேன், ஒண்ணும் தோணல. அதுக்குள்ள இந்த பஸ் வந்துருச்சு. வந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. கைய எடுத்துக்கிட்டு ஏறிட்டேன்.

ஏறி இந்த சீட்டுல உக்காந்து ஜன்னல் வழியாப் பாக்குறேன். வண்டியிலயே உக்காந்திருக்கா. அண்ணாந்து என்னையே பாக்குறா. அந்த நேரம் பாத்து பொட்டுப் பொட்டா தூத்தல் விழுக ஆரம்பிச்சுச்சு. கூரைய மூடுவான்னு பாத்தேன். மூடல. முகத்துல விழுது, துடைக்கக் கூட இல்ல, பாத்துக்கிட்டே இருக்கா. வெள்ளைத் தோல் தம்பி அது. காலைலதான் கிரீம் போட்டேன். கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு, பஸ் நகருது. நான் ஜன்னல்ல கைய வெளிய நீட்டி, மூடு, மூடு, மூடுன்னு காட்டிக்கிட்டே வந்தேன்.

அவ அதை டாட்டான்னு எடுத்துக்கிட்டா போல. எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் காட்டுனா.